மாப்பிள்ளை சாத்திய கதவு

காப்புறுதி நிறுவனத்துக்கு இந்த நாட்டிலேயே பயப்படாத ஒரே மனிதர் பண்டமாரானில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். பெயர் பம்பர் அங்கிள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கும். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று நான் கேட்டதில்லை.

அவர் பட்டறையின் சுற்றுவேலி முழுக்கக் கார்க் கதவுகள். நடுநடுவே பொனட், பம்பர். வெளியே நின்று "அங்கிள்!" என்று கூப்பிட்டால் ஒரு கதவின் கண்ணாடி சர்ரென்று இறங்கும். அதற்கென்று பழைய பேட்டரி ஒன்றை இணைத்து வைத்திருந்தார். உள்ளே ஒரு நரைத்த மீசை தெரியும்.

"யாரு? காடியா, கம்பெனியா?"

கார் கொண்டுவந்த காடிக்காரர் என்றால் கதவு உடனே திறக்கும். கம்பெனி என்றால் கண்ணாடி மறுபடியும் ஏறிவிடும். அவர் சட்டை மாட்டி, தலை சீவி வரும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வேலியே காப்புறுதி நிறுவனங்களின் உபயம். பட்டறையின் பெயர் நிறுவனத்தின் பேனலில், அதாவது அங்கீகரித்த பட்டியலில், இருந்தால்தான் அடிபட்ட கார்கள் வரும். அதற்குப் பதிலாக, எந்தச் சாமானை மாற்றுவது, எந்தக் கடையில் வாங்குவது, எத்தனை மணி நேரத்தில் முடிப்பது என்பதையெல்லாம் நிறுவனமே சொல்லும். மற்ற பட்டறைக்காரர்கள் "ஓகே பாஸ்" என்று தலையாட்டிவிடுவார்கள். பம்பர் அங்கிள் மட்டும் பொருந்தாததைப் பூட்ட மாட்டார். திருப்பி எடுக்க ஆள் வராது. அவரும் தூக்கிப் போட மாட்டார். வேலி நீண்டுகொண்டே போனது.

அவர் சண்டை போடும் விதமே தனி. நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் சம்பந்தி வீடு. சேதத்தைப் பார்க்க வரும் அட்ஜஸ்டர், மாப்பிள்ளை. அவர்கள் அனுப்பும் சாமான், சீர்.

"பேனல்ல பேரு இருந்தா பொண்ணக் கொடுத்த மாதிரி, தங்கச்சி," என்று எனக்கு விளக்கினார். "எகிற முடியாது. பலகாரம் கொடுத்துக்கிட்டேதான் பதில் சொல்லணும்."

ஒருமுறை சீராக வந்த முன்விளக்கு ஒன்றில் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டதாம். "லீக் ஆவுதுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. பம்பர் அங்கிள் அந்த விளக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு மீன்களை விட்டு, அதை அதிகாரியின் மேசைமேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். "உள்ள போன தண்ணி வெளிய வரல பாஸ். அந்த விஷயத்துல நல்ல சாமான்தான்."

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் மகள் யாழினிக்கு எட்டு மாதமானபோது. பண்டமாரானில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் வழியில், ஒரு லோரி எங்கள் காரை உரசி, பின்பக்க இடது கதவை உள்ளே அமுக்கிவிட்டது. அந்தக் கதவை ஒட்டித்தான் யாழினியின் இருக்கை. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தூக்கமே கலையவில்லை. அதன்பிறகு எனக்குத்தான் தூக்கம் போனது.

புதுக் கதவுக்குள் இரும்புக் கம்பி இருக்குமா, ஓடும்போது தானாகத் திறந்துகொள்ளுமா, பெயின்ட் வாசனை குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று வேலிக் கண்ணாடி வழியாகவே கேட்டேன்.

"தங்கச்சி, நீ காடி செய்ய வந்தியா, எனக்கு இன்டர்வியூ வைக்க வந்தியா?" என்றார். ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். "ஒரிஜினல்ல கம்பி இருக்கும். சீர்ல என்ன இருக்கும்னு அனுப்புனவனுக்கே தெரியாது லா."

சீர் வந்தது. பொருந்தவில்லை என்பதை மாட்டிக் காட்டினால்தான் மாப்பிள்ளை நம்புவார் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கிராப் டாக்சி பிடித்துப் போனேன். யாழினி வழியிலேயே என் தோளில் தூங்கிவிட்டாள். மாப்பிள்ளை டை கட்டி, கையில் டேப்லட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தே தாரேக் டீயும் இரண்டு வடையும்.

"நம்ம அப்ரூவ்டு சப்ளையர் அனுப்புன கதவு மேடம். பெர்பெக்ட் பிட்டிங். ஒரிஜினல்தான் வேணும்னா வித்தியாசத்த நீங்கதான் கட்டணும்."

தலையாட்டத் தயாரானேன். படித்தவர், டை கட்டியவர், அவருக்குத் தெரியாதா? 'சரின்னு சொல்லிட்டு வா' என்று கணவரும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளை," என்றார் பம்பர் அங்கிள். "தங்கச்சி, பாப்பாவ அது எடத்துல படுக்க வை. மாப்பிள்ளை கதவச் சாத்தட்டும். பாப்பா எழும்பாம இருந்தா, கதவு பாஸ்."

குழந்தையை இதற்கெல்லாம் பயன்படுத்தலாமா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. படுக்க வைத்து, இருக்கைப் பட்டையை மாட்டினேன்.

மாப்பிள்ளை மெதுவாகச் சாத்தினார். கதவு திரும்பி வந்தது. கொஞ்சம் அழுத்தினார். மூடியதுபோல் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்குக்கு முன்னால் எரிந்த சிவப்பு விளக்கு, கதவு திறந்திருக்கிறது என்றது. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஓங்கி ஒரு சாத்து சாத்தினார்.

யாழினி வீறிட்டாள்.

"லோரி இடிச்சப்பவே எழும்பாத புள்ள!" பம்பர் அங்கிள் கைதட்டினார். "மாப்பிள்ளை எழுப்பிட்டாரு!"

"அங்கிள், இப்படியே பண்ணிக்கிட்டு இருந்தா பேனல்லேருந்து தூக்கிருவாங்க," என்றார் மாப்பிள்ளை.

"தூக்கட்டும். முதல்ல புள்ளையத் தூக்குங்க."

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. அதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து யாரோ பேசினார்கள்: "இந்தக் கதவு எனக்கு வேண்டாம். என் பிள்ள இந்தப் பக்கம்தான் உக்காருவா. ஒரிஜினல் போடுங்க. வித்தியாசத்த உங்க கம்பெனி கட்டட்டும்." சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் "சாரி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"சாரி மட்டும் வேணாம்," என்றார் பம்பர் அங்கிள். "மத்ததெல்லாம் ஏ கிளாஸ்."

மாப்பிள்ளை தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார். நான் பிள்ளையோடு அவரருகிலேயே நின்றேன். வழக்கமாக அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன். அன்று ஓர் அடிகூட நகரவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பெரிய குரல் கேட்டது.

"என்னய்யா அது சத்தம்?"

"டோர், சார்."

"எந்த டோர் இப்படிக் கத்தும்?"

மாப்பிள்ளை யாழினியைப் பார்த்தார். அவள் அவர் டையை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, அதன் வழியாகவே அழுதாள். "நம்ம சப்ளையர் டோர்தான் சார். சாத்த முடியல."

மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாழினிதான் பேசினாள். பிறகு குரல் சொன்னது: "ஒரிஜினலே போட்டுத் தொலைங்க. அப்ரூவ்டு."

பம்பர் அங்கிள் மாப்பிள்ளையின் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். "சாப்பிடுங்க மாப்பிள்ளை. நல்ல குடும்பத்துப் புள்ள நீங்க."

ஒரிஜினல் கதவு வந்தது. காரை எடுக்கப் போன அன்றும் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். நானே இரண்டு விரலால் சாத்தினேன். டப். அவ்வளவுதான். சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. உலகக் கோப்பையே கைக்கு வந்ததுபோல் இருந்தது எனக்கு.

சொன்னபடியே அவரைப் பேனலிலிருந்து தூக்கினார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் காரை இவரிடம்தான் விடுவோம் என்று ஆட்கள் பிடிவாதம் பிடித்ததில், கொஞ்ச நாளில் சம்பந்தி வீடே திரும்பி வந்து வேலிக்கு வெளியே நின்றது. கண்ணாடி இறங்கியதாம். "காடியா, கம்பெனியா?" என்றாராம். அன்று தலை சீவ அவருக்கு வெகுநேரம் பிடித்திருக்கிறது.

யாழினி இப்போது நன்றாக நடக்கிறாள். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது பட்டறையிலும் நிறுத்தினோம். வேலியில் புதிதாக ஒரு கதவு, மற்றவற்றைவிடத் தாழ்வாக, சரியாக அவள் உயரத்துக்கு. எங்களுக்குச் சீராக வந்த அதே கதவு. ஓங்கி அடித்தாலும் மூடாத அது, அவள் பிஞ்சுக் கை தொட்டதும் சத்தமில்லாமல் திறந்தது, மூடியது, திறந்தது. குனிந்து பார்த்தேன். விரல் நசுங்காதபடி விளிம்பு முழுக்க ரப்பர் ஒட்டியிருந்தார்.

எதற்கெல்லாமோ பயப்படும் எனக்கு அந்தப் பயம் மட்டும் தோன்றவே இல்லை.