பிரியாணிக்கு நாலு மாத்திரை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் நாற்பது வயதுவரை எனக்கு வரவில்லை. அதற்கான தண்டனையை என் மாமனாரின் தொடைகள் அனுபவித்தன.

படிப்பு எட்டாவதோடு நின்றது. லாரி கிளீனர், டைல்ஸ் வேலை என்று ஊர் ஊராகச் சுற்றி (பாதி நாள் படுக்கை லாரிக்கு அடியில்தான்), கடைசியில் ஜீவனஹள்ளியில் ஒரு மெஸ்ஸில் சமையலுக்கு நின்றேன். அங்கே நான் கற்றது ஒரே கணக்கு: பத்துப் பேருக்கு ஒரு கை உப்பு, நாற்பது பேருக்கு நாலு கை.

ரத்தக் கொழுப்பைக் குறைக்க டாக்டர் எனக்குத் தினம் ஒரு பத்து மில்லிகிராம் மாத்திரை எழுதியிருந்தார். அத்திபெலேயில் இருக்கும் மாமனாருக்கும் அதே மாத்திரை, அதே அளவு. மச்சினி கல்யாணம் முடிந்து சொந்தக்காரர்கள் வீடு வீடாக விருந்து வைத்த நேரம். கறிச்சட்டியைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டார்.

"மாப்ளே, இதெல்லாம் நான் தொடலாமா?"

அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா? உப்புக் கணக்கையே போட்டு, காலண்டர் தாளைக் கிழித்து எழுதினேன்: இட்லிக்கு ஒன்று, கோழிக்கு இரண்டு, ஆட்டுக்கறிக்கு மூன்று, பிரியாணிக்கு நாலு.

"எவ்ளோ தெளிவா எழுதியிருக்கீங்க" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அன்றே மெஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

பத்தாம் நாள் அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தொடையெல்லாம் வலி என்று போன் வந்ததும் அத்திபெலேக்கு ஓடினேன். நானும் என் மனைவி செல்வியும் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

"டோஸ் ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும், மாமனார் பெருமையாகக் காலண்டர் தாளை நீட்டினார்.

டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். "யாரு இந்த டாக்டரு?"

"நம்ம மாப்ளதாம்மா."

"எங்க படிச்சாரு?"

நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். செல்விதான் சொன்னாள். "மெஸ்ல, மேடம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரத்த ரிப்போர்ட்டையும் ஹார்ட்டையும் பாத்துதான் அளவு எழுதுறோம். தட்டைப் பாத்து இல்ல. இஷ்டத்துக்கு ஏத்தினா சதை கெடும், கிட்னி வரைக்கும் போகும்" என்று சொல்லி, ரத்தம் எடுக்க அனுப்பினார்.

முடிவு வர இரண்டு மணி நேரம். செல்வி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சு, அந்தக் காலண்டரை மூணு வேளையும் சமைச்சுப் போடுவேன்." வேலை, சோறு எதுவும் இல்லாத நாட்களில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கிட்னி தப்பியது. மாத்திரையை நிறுத்தி வைத்து, வலி போக இரண்டு வாரம் ஆனது. பிறகு பழையபடி தினம் ஒன்றே ஒன்று.

மாமனார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலை.) போன மாதம் ஹெப்பகோடியில் ஒரு வளைகாப்பு. பந்தியில் நான் முதல் வாய் வைப்பதற்குள், முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தன் சுகர் ரிப்போர்ட்டை என் இலைக்குப் பக்கத்தில் விரித்தார்.

"டாக்டர் தம்பி, லட்டுக்கு எத்தனை போடணும்?"

எதிர் வரிசையில் மாமனார் அப்பளத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அப்பளம் குலுங்கிக்கொண்டிருந்தது.