துறைமுகம் இல்லாத நாடு

இலண்டனில் ஒரு முழு நாட்டையே தோளில் போட்டுக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் லெசோத்தோ மாஸ்டர்தான். தென்னாபிரிக்காவின் வயிற்றுக்குள் கிடக்கும் அந்தக் குட்டி மலைநாட்டில் பத்து வருடம் புவியியல் படிப்பித்தவர். பிறகு ஈஸ்ட் ஹாமில் நான் வேலை செய்த மீன் மொத்தக்கடைக்குப் பெட்டிகளில் லேபல் ஒட்ட வந்து சேர்ந்தார். அங்கிருந்து கொண்டுவந்த கம்பளிப் போர்வையை ஆடி வெயிலிலும் கழற்றமாட்டார். அதில் ஒரு நீளக் கோடு. போர்த்தினால் கோடு நிமிர்ந்து நிற்கவேண்டுமாம், குறுக்கே படுத்தால் ஆள் வளரமாட்டானாம். அறுபத்தெட்டு வயதில் இவர் இனி எங்கே வளரப்போகிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

கடைக்கு யார் புதிதாக வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"லெசோத்தோவின்ர பெரிய துறைமுகம் எது?"

பாவம், யோசித்து ஏதாவது பெயர் சொன்னவன் தொலைந்தான். "கடலே இல்லாத நாட்டுக்குத் துறைமுகமோ? அங்கை இருக்கிற பள்ளமே கடல்மட்டத்துக்கு ஆயிரத்து நானூறு மீற்றர் மேலையடா!"

ஒரு தேர்த் திருநாள். முதலாளியும் மற்றவர்களும் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார்கள். கடைசிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு நானும் மாஸ்டரும் பின்னால் போவதாக ஏற்பாடு. வெறும் ரீ-சேர்ட்டோடு ஃப்ரீசர் அறைக்குள் நுழைந்தேன்.

"ஜக்கெட் எங்கையடா, விசரா?" என்று ஏசிக்கொண்டு மாஸ்டரும் பின்னால் வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கும் பிடியை இழுத்தேன். அது கழன்று என் கையோடு வந்தது. 'நாளைக்குத் திருத்துவம்' என்று முதலாளி ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பிடி.

என் போன் வெளியே மேசையில். மாஸ்டர் போன் வைத்திருப்பதே இல்லை. உள்ளே மைனஸ் இருபது. தேர் சுற்றித் தன் இடத்துக்கு வந்து, சோறு சாப்பிட்டு, ஆட்கள் திரும்ப மூன்று மணியாகும். அதுவரை தாங்கமாட்டோம் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

உறைந்த அறக்குளா ஒன்றைத் தூக்கிக் கதவில் அடித்தேன். மீனின் வால்தான் உடைந்தது. கால் மரத்து, பெட்டியொன்றின்மேல் குந்திவிட்டேன். மாஸ்டர் போர்வையை என்மேல் சுற்றினார். அந்த நேரத்திலும் கோட்டை இழுத்து நேராக்கினார், மனுசன்!

"எழும்பு, நட! ஜூன் மாசக் குளிரிலை எங்கட மலையிலை பனி கொட்டேக்கை பெடியள் ஆட்டுக்குப் பின்னாலை நடப்பாங்கள். உனக்கென்ன? நித்திரை கொள்ளாதை. அந்த நாடு எதை விக்குது?"

"தண்ணி, மாஸ்டர்."

"ஓம். வேறை?"

"வைரம்."

"வேறை?"

"ஆட்டு மயிர்."

"உரோமம் எண்டு மரியாதையாச் சொல்லடா!"

சாகப்போகிற நேரத்தில் எனக்குத் தமிழ் திருத்தினார். ஒரு கையால் என்னைப் பிடித்து நடத்தி, மறுகையால் வாலில்லாத அறக்குளாவைக் கதவில் அடித்துக்கொண்டே இருந்தார். என் கண் செருகியது.

"துறைமுகம்? பெரிய துறைமுகம் எது?"

துறை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நான் பிறந்த ஊர் வாயில் வந்தது.

"பருத்தித்துறை."

மாஸ்டரின் முகம் வெளிறியது. ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியில் நான் பிழைவிட்டதேயில்லை. "ஐயோ, பெடிக்கு மூளை உறையுது!" என்று கத்தி, என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

அந்த நேரம்தான் கதவு திறந்தது. தேருக்கு உடைக்கும் தேங்காய் மூட்டையை மறந்துபோன முதலாளி, அதை எடுக்க வந்த இடத்தில் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தார். நாங்கள் வெளியே விழுந்தோம்.

அப்போதுதான் மாஸ்டரை ஒழுங்காகப் பார்த்தேன். போர்வை முழுக்க என்மேல். அவரில் ஒரு மெல்லிய சேர்ட் மட்டும். உதடு நாவல்பழ நிறம். கண் மூடியிருந்தது. முதலாளி அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். நான் மாஸ்டரின் தோளைப் பிடித்து உலுப்பினேன்.

"மாஸ்டர்! லெசோத்தோவின்ர துறைமுகம் எது? சொல்லுங்கோ!"

திரும்பவும் கேட்டேன். உதடு மெல்ல அசைந்தது.

"பருத்தித்துறை."

நான் குழறி அழத் தொடங்கிவிட்டேன். ஒரு கண் திறந்தது.

"பகிடிக்குச் சொன்னனான், விசரா. போர்வைக் கோட்டை நேராக்கு."

போர்வையை அவர் திருப்பி வாங்கவேயில்லை. "நீதான் இன்னும் வளரவேணும்" என்றுவிட்டார். எனக்கு இப்போது நாற்பத்தாறு. குளிர் தொடங்கினால் அதைத்தான் போர்த்துகிறேன், கோடு நிமிர்ந்து நிற்கிறதா என்று கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு.