அரிசி போடாத பிரியாணியும் படுத்துக் கிடந்த பச்சைக் கோடும்

படித்த படிப்பு பிறந்த ஊருக்குப் பயன்பட வேண்டும் என்பார்கள். பயன்படுத்துவதற்கு முன் ஊரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

நான் செல்பேசி நிறுவனமொன்றில் நெரிசல் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் தோட்டத்து ஜீப்புகள் போடிமெட்டிலிருந்து வரிசையாக இறங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள்; மலைக் கோபுரங்களுக்கு மூச்சுத் திணறும். அதற்கு நான் ஒரு விதி வகுத்தேன். திரும்பத் திரும்ப அழைத்து, மறுமுனை எடுப்பதற்குள் துண்டிப்பவரைக் கோபுரத்தின் வாசலிலேயே நிறுத்து. மீண்டும் முயன்றால் அவருடைய காத்திருப்பை இரட்டிப்பாக்கு. (செப்பேட்டில் பொறிக்கத் தக்கது என்று எனக்கொரு நினைப்பு.)

வெள்ளோட்டத்துக்கு எங்கள் மலையையே தேர்ந்தெடுத்தேன். நாளும் நானே குறித்தேன். அன்றுதான் மேலே தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வழியெங்கும் சிக்னல் நிறைந்து நிற்பதைக் கண்டு மாப்பிள்ளை மயங்க வேண்டாமா?

இந்த இடமாவது நழுவக் கூடாதே என்று என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கவலை. மாப்பிள்ளையின் தாயார் ஆறிய சோற்றைத் தொடமாட்டார் என்று தரகர் வேறு எச்சரித்திருந்தார். ஆகவே ஏற்பாடு துல்லியமாக இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் ஜீப்பு ஓட்டுநர்கள் போனில் பேசுவதில்லை; வளைவுக்கு வளைவு, ஒரு மணியிலேயே துண்டிக்கும் மிஸ்டு கால்தான். மெட்டிலிருந்து ஒன்று வந்தால் பிரியாணிக்கு அரிசி போட வேண்டும். அடிவாரத்திலிருந்து ஒன்று வந்தால் நான் சேலை மாற்ற வேண்டும். இந்த வழக்கம் எனக்குச் சிறுவயது முதல் தெரியும். விதி வகுத்த அன்று மட்டும் தெரியவில்லை.

அத்தா அடுப்பருகே போனும் கையுமாக நின்றார். "ஒண்ணும் வரலையேம்மா. மேல டவர் கிடைக்கலையோ?"

நான் சாயம் போன நைட்டியில், தலை நிறைய எண்ணெயுடன், மடிக்கணினியைத் திறந்து நெரிசல் வரைபடத்தைக் காட்டினேன். "மலையில நெரிசலே இல்லத்தா. பச்சைக் கோடு எப்படிப் படுத்துக் கெடக்கு பாருங்க."

படுக்காமல் என்ன செய்யும்? மலையிலிருந்த அத்தனை ஓட்டுநர்களையும் காலையிலிருந்தே நான் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு ஜீப்பு வந்து நின்றது. முதலில் இறங்கிய ஓட்டுநர் அத்தாவிடம் பொருமினார். "அடிச்சு அடிச்சுப் பாத்தேன் பாய், போகவே இல்ல. எவனோ கூறுகெட்டவன் டவரைப் பூட்டி வச்சிருக்கான்."

அத்தா பெருமிதத்தோடு அவர் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீக. மலையில எல்லா டவரும் எம்மக கையிலதான் இருக்கு."

மாப்பிள்ளை என் மடிக்கணினியைப் பார்த்தார். நீரில் ஊறிக்கொண்டிருந்த அரிசியைப் பார்த்தார். பிறகு மிகுந்த நாகரிகத்துடன் மேற்கூரையைப் பார்த்தார். நான் விதியை நீக்கினேன். இந்த இடமும் போயிற்று என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் தாயார் நாற்காலியில் நிதானமாக அமர்ந்து, ஓட்டுநரிடம் சொன்னார்: "மெட்டுல அடிக்க வேண்டியத இங்கன நின்னு அடிப்பா. அப்பத்தான அரிசி போடுவாக."

ஓட்டுநர் அத்தாவுக்கு எதிரிலேயே நின்று அடித்தார். அத்தாவின் போன் ஒரு முறை ஒலித்து அடங்கியது. அத்தா சமையற்காரரை நோக்கி முறைப்படி அறிவித்தார்: "மெட்டுக்கு வந்துட்டாக. அரிசியப் போடுங்க."

அரிசி வேகும்வரை அவர்கள் பேச வேண்டியதாயிற்று. பேசிப் பேசியே சம்பந்தம் முடிந்தது.

இன்றும் என் கணவர் வீட்டுக் கதவை ஒரே ஒரு முறைதான் தட்டுவார். மழையானாலும் வெளியிலேயே நிற்பார். மறுபடி தட்டக் கூடாதா என்றால், உள்ளிருந்து மாமியார்தான் பதில் சொல்வார்: "எதுக்கு? ரெண்டாவது தட்டுனா இன்னுங்கொஞ்சம் நிக்க வச்சிருவ."