நூறு ஏத்திப் போடு!

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிட்டு வரணும்.

என் பொண்டாட்டி ஸ்டெல்லாவோட அண்ணன் சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்திருக்கார். மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு.

சாப்பாடு சும்மா ஒரு சாக்கு. மச்சான் கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, அதை எதுல போடலாம்னு என்கிட்ட யோசனை கேக்க வர்றார்! ஆறு மாசமா போன்ல "ஆசியா மார்க்கெட் நம்ம விரல் நுனில மச்சான்"னு நான் அளந்துகிட்டு இருந்தேன். கல்யாணமாகி பதினாலு வருஷத்துல அந்த மனுஷன் என்னை மதிச்சு ஒரு வார்த்தை கேக்கப்போறது இதான் முதல் தடவை. சொதப்பக் கூடாது.

எனக்கு எவ்வளவு தெரியும்னு கேக்குறீங்களா? ஆன்லைன்ல ஓசி கிளாஸ் ஒண்ணு பார்த்தேன். ஆசியா பூரா வசதி ஏறுது, ஜனங்க மீனும் எறாலும் அள்ளித் தின்றாங்க, அதனால மீன் ஏத்துமதி கம்பெனி பங்கு வாங்குன்னார் டை கட்டின ஒருத்தர். வாங்கிட்டேன். அவ்ளோதான் என் படிப்பு.

"ஒரு கிலோ வஞ்சிரம். வேற எதையும் தொடாத. போனியா, நேரா வா"ன்னா ஸ்டெல்லா.

கல்மண்டபத்துலேருந்து காசிமேடு மீன் மார்க்கெட் எவ்ளோ தூரம்? இதுல என்ன தப்பு நடந்துடப் போவுது!

போனேன். வஞ்சிரம் விலையைக் கேட்டுக்கிட்டே நடந்தா, சாவாளை ஏலம் ஓடுது. சாவாளை தெரியும்ல? பெல்ட்டு மாதிரி நீட்டமா, வெள்ளி கலர்ல பளபளன்னு இருக்கும். எல்லாரும் மேரிக்கான்னு கூப்பிடுற ஒரு அம்மா ஏலம் விட்டுட்டு இருந்தாங்க. சும்மா நின்னு வேடிக்கை பார்த்தேன்.

அப்பதான் போன் வந்துச்சு. பாபு. ஷேர் ஆபீஸ்ல வேலை செய்யுற என் தோஸ்து. காதுல இயர்போன் மாட்டியிருந்தேன்.

"அண்ணே, மார்க்கெட் தொறந்துடுச்சு. உன் மீன் கம்பெனி நல்ல வெலைல கீது. இன்னும் கொஞ்சம் வாங்கவா?"

எதிர்ல மேரிக்கா, "ரெண்டு கூடை மூவாயிரம்! மேல யாருப்பா?"

நான் கெத்தா, கையைத் தூக்கி, ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னேன்: "நூறு ஏத்திப் போடு!"

"மூவாயிரத்தி நூறு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! எட்த்தாச்சு! யோவ் கண்ணாடி, வந்து தூக்கு!"

கண்ணாடி போட்டிருந்தது அங்க நான் ஒருத்தன்தான்.

"அக்கா, நான் போன்ல பேசினேன்க்கா! நூறு ஷேரு!"

"ஷேரோ ஆட்டோவோ, அத்த நீ பாத்துக்க. கைய தூக்கினியா இல்லியா?"

"தூக்கினேன்..."

"நூறு ஏத்துன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்..."

"அப்பால இன்னா? துட்ட எடு."

சுத்தி நின்ன பத்துப் பேரும் சிரிக்கிறாங்க. பதட்டத்துல இயர்போன் கழண்டு கழுத்துல தொங்குது. நான் கெஞ்சுறேன்.

"அக்கா, எனக்கு வேணாம்க்கா! எல்லாத்தையும் வித்துடு! எவ்ளோ வந்தாலும் பரவால்ல, ஒண்ணு கூட என் கையில இருக்கக் கூடாது!"

"யார்கிட்ட விக்கிறது? எவன் வாங்குவான்? சைனாக்காரன் ஒரு மாசமா சாவாளை வாங்கறதில்ல நைனா! ஏத்துமதி கம்பெனி வண்டியே வரல. ஐஸ் ரூம்ல போன மாசத்து சரக்கே அப்டியே கீது. அத்தான் வெல இப்டி பட்த்து கெடக்கு. நீதான் தகிரியமா எட்த்த!"

வஞ்சிரத்துக்கு வச்சிருந்த காசு, பால்காரனுக்கு வச்சிருந்த காசு, எல்லாம் போச்சு. இயர்போனை எடுத்து மறுபடியும் மாட்டினா, இன்னும் லைன்லயே இருந்த பாபு குரல்.

"வித்தாச்சுண்ணே! ஒண்ணு வுடாம வித்துட்டேன். இன்னாண்ணே, இவ்ளோ கோவமா கீற?"

எனக்கு அழுகையே வந்துடுச்சு. வேணாம்னு சொன்ன மீன் கையில இருக்கு, வேணும்னு சொன்ன பங்கு போயிடுச்சு!

ஷேர் ஆட்டோக்காரன் மீன் கூடைக்குத் தனியா ரெண்டு சீட்டு காசு வாங்கினான். வாசல்ல ஸ்டெல்லா.

"வஞ்சிரம் எங்க?"

"இதுவும் கடல்லதான் இருந்துச்சு..."

அவ அருவாமணையை எடுத்து என் முன்னாடி வச்சா.

மச்சான் வந்தப்போ நான் கைலியை மடிச்சுக் கட்டிகிட்டு, முழங்கை வரைக்கும் வெள்ளியா மின்னிக்கிட்டு, சாவாளை ஆஞ்சுட்டு இருந்தேன். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஸ்டெல்லா பை பையா மீன் குடுத்துட்டு இருந்தா. மச்சான் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ள, மீன் கடை வச்சிட்டியா?"ன்னார். அவமானம் தாங்கல.

சரியா அப்ப பாபு போன். கையெல்லாம் மீன். ஸ்டெல்லாதான் ஸ்பீக்கர்ல போட்டா.

"அண்ணே, நீ தெய்வம்ணே! காத்தால நீ வித்த அந்தப் பங்கு இப்போ சர்ருனு எறங்கிடுச்சு! சைனாவுக்குப் போற சரக்கு தேங்கிடுச்சாம். எப்டிண்ணே முன்னாடியே தெரிஞ்சிகின?"

மச்சான் முகம் மாறுச்சு! "மாப்ள..."ன்னார், மரியாதையா!

நான் முதுகை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமினேன். "ஆசியாவோட போக்கை ஒரு ஆறு மாசமா உன்னிப்பா கவனிச்சதுல பாபு, எனக்கு என்ன தோணுச்சுன்னா..."

"அதில்லண்ணே. போன்ல ஒரு அக்கா, சைனாக்காரன் வாங்கறதில்லன்னு கத்திகினு இருந்திச்சே. அவங்கதானே சொன்னாங்க?"

ஸ்டெல்லா போனை கட் பண்ணா. அடுத்த துண்டு மீனை எண்ணெய்ச் சட்டியில போட்டா.

மச்சான் சாவாளை வறுவலை நாலு துண்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவினார். துண்டுல பொறுமையா துடைச்சார். அப்புறம்தான் கேட்டார்.

"மாப்ள, அந்தக்கா நம்பர் கீதா?"

இன்னிக்கு காலைல மச்சானும் மேரிக்காவும் சேர்ந்து 'ஆசியா மார்க்கெட்'னு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுட்டாங்க. என்னைச் சேர்த்துக்கறதைப் பத்தி யோசிச்சு சொல்றாங்களாம்.