எழுந்திருக்காத மனிதர்

சாய்வு நாற்காலியை விட்டு எழாமலே ஒரு மனிதன் வாழ்ந்து முடித்துவிடலாம் என்பது ரஹ்மத்துல்லாவின் கொள்கை. செங்கல்பட்டில், கொளவாய் ஏரியின் காற்று நேராக வந்து விழும் ஜன்னலோரம் அந்த நாற்காலி கிடந்தது. பத்திரப் பதிவு ஆபீசில் அவர் ரிக்கார்டு குமாஸ்தா. வேலை முடிந்து வந்து சாய்ந்தால், அப்புறம் வாய் மட்டும்தான் உழைக்கும். "பானு, தண்ணி." "பானு, விசிறி."

இருபது வருஷமாக ஓடிய ஷஹர்பானுவின் கால்கள் 1957-இல் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டன.

"முட்டி வலிக்குது. இனிமே தண்ணிய நீங்களே எழுந்து போயி எடுத்துக்குங்க."

எழுந்து போவதா! ரஹ்மத்துல்லா நாற்காலியின் கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, வாசகசாலையில் படித்த ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது.

"பானு, அமெரிக்காவுல ஒரு மிஷின் செஞ்சிருக்கான். அம்பது தட்டு, ஒண்ணு மேல ஒண்ணு."

"அம்பது தட்டா? கழுவறது யாரு?"

"சோத்துத் தட்டு இல்லம்மா, கிராமபோன் தட்டாட்டம். அதுல கணக்கெல்லாம் பதிஞ்சு வெச்சிருக்கு. தட்டு சுத்திக்கினே கீது. ஒரு கை ஓடி ஓடி, கேட்டத எடுத்தாருது. தூரம் ஓடுனா லேட்டு. அதனால அடிக்கடி வேண்டியத கைக்குப் பக்கத்துல வெச்சிடணும். எப்பவோ வேண்டியத கோடிக்குத் தள்ளிடணும்."

"அந்தக் கை பேசுமா?"

"பேசாது."

"அதான் இன்னும் ஓடிக்கினு கீது."

ஆபீசில் அவர் இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர். அடிக்கடி கேட்கப்படும் பத்திர வால்யூம்களை நாற்காலியைச் சுற்றி அடுக்கிக்கொண்டு மூன்று வருஷமாயிற்று. எழுந்து நின்றால் அவர் எவ்வளவு உயரம் என்பது புது சப்-ரிஜிஸ்திராருக்குத் தெரியாது.

"கோளாறு உன் முட்டியில இல்ல, சாமான் வெச்ச எடத்துல. நீ எதுக்காக நடந்தாலும் அதும் பேர்ல ஒரு புளியங்கொட்ட போடு. ஞாயித்துக்கிழம எண்ணுவோம். எதுக்கு ஜாஸ்தியோ அது அடுப்பாண்ட வந்துடணும். அதான் சட்டம்."

"எதுவானாலுமா?"

"எதுவானாலும்!"

"ஆதியக்கா, கேட்டுக்கினியா?"

மாமல்லபுரத்திலிருந்து மீன்கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த ஆதியம்மாள், "நல்லாவே கேட்டுச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரஹ்மத்துல்லா நாற்காலியில் சாய்ந்தபடியே தீர்ப்பு வழங்கினார். உப்புக்கு முப்பத்திரண்டு கொட்டை. கூடத்து அலமாரியிலிருந்து அடுப்படிக்குப் போயிற்று. மிளகாய்த்தூள் பின்னாலேயே போயிற்று. பெருநாள் பிரியாணி தேக்சாவுக்கு ஒன்றுமில்லை; பரணுக்கு ஏறியது. எல்லாம் முடிந்தபின், ஷஹர்பானு ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். விளிம்புவரை புளியங்கொட்டை.

"இது இன்னாத்துக்குப் போட்டது?"

"உங்களுக்கு."

"எனக்கா?"

"தண்ணிக்கு, விசிறிக்கு, பேப்பருக்கு. மூக்குக்கண்ணாடிய மூக்குல வெச்சிக்கினே தேடச் சொன்னீங்களே, அதுக்கு மட்டும் ரெண்டு."

"நான் சாமானா?"

"எதுவானாலும்னு நீதானே சொன்ன, பாயி" என்றாள், அன்றும் மீனோடு வந்திருந்த ஆதியம்மாள், கூடையை இறக்கிவிட்டு. "பானும்மா, நீ அந்தப் பக்கம் பிடி."

அவர் எழுந்திருக்கவில்லை. கொள்கை. ஆகவே நாற்காலியோடு சேர்த்தே அடுப்படிக்கு இழுத்துப்போனார்கள். வலது கைப்பக்கம் அடுப்பு. இடது கைப்பக்கம் தண்ணீர்ப்பானை. தலைக்கு மேலே தேயிலை, சர்க்கரை. சாமான்கள் இருந்த ஒழுங்கைப் பார்த்தால் அமெரிக்காக்காரனே கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

ஜன்னலோரம் காலியாகிவிட்டது. காற்று, யார் இருக்கிறார்கள் என்று பாராமல், எப்போதும்போல் வந்துகொண்டிருந்தது. ஷஹர்பானு அங்கே பாய் விரித்துக் கால் நீட்டினாள். அந்த ஜன்னலிலிருந்து ஏரி தெரியும் என்பது, இருபது வருஷத்தில், அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, ரெண்டு டீ. ஆதியக்காவுக்கு சர்க்கர தூக்கலா."

ரஹ்மத்துல்லா கையை நீட்டினார். எல்லாமே எட்டியது, எழுந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.