ஓட்டை மேஸ்திரியின் மூன்றாவது கிடார்

ஆலங்குடியில் ஓட்டை மேஸ்திரி விரலை மடக்கித் தட்டிப் பார்க்காத மரச்சாமான் ஒன்றுகூடக் கிடையாது. தாலுகா ஆபீஸில் ஒரு நாற்காலியை, அதிகாரி அதில் உட்கார்ந்திருக்கும்போதே தட்டிப் பார்த்து, "தேக்கு இல்லீங்க, ஏமாத்திப்புட்டாங்க" என்று அனுதாபப்பட்ட ஆள் அவர்.

கதவு, ஜன்னல் செய்வது அவருக்குத் தொழில். கிடார் செய்தது வீம்பு. அவர் பட்டறைக்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன். எனக்குச் சங்கீதம் வராது. அவர் புண்ணியத்தில் கோபம் மட்டும் நன்றாக வந்தது.

எல்லாம் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவால் வந்தது. அக்கா சர்ச் பாடல் குழுவில் கிடார் வாசிப்பவர். ஈஸ்டர் அன்று கீபோர்டு ஒரு வழியில் போக, அக்காவின் கிடார் வேறு வழியில் போய்விட்டது. குழுவை நடத்தும் வாத்தியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம்மா. சரிப்படலைன்னா கீபோர்டே போதும்."

"இங்கிட்டு கீபோர்டு, அங்கிட்டு ஸ்பீக்கரு. நான் வாசிக்கிறது எனக்கே கேக்கலைங்க" என்று வீட்டுக்கு வந்து அக்கா அழுதார்.

மேஸ்திரி கிடாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டை முன்னாடி இருக்கு. சத்தம் பூரா ஊருக்குப் போகுது. வாசிக்கிறவ காது என்ன பாவம் பண்ணுச்சு? நீ அழுவாத, ஓட்டைய நான் மாத்துறேன்."

அன்றைக்குத்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

அவரே செய்த முதல் கிடாருக்கு முதுகில் ஓட்டை போட்டார். அக்கா மடியில் வைத்ததும் ஓட்டை வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. சேலைக்குள் போன சத்தம் போனதுதான்.

"நடுவுலயே போட்டுத் தொலைங்களேன் மேஸ்திரி" என்றேன்.

"ஏன் சார், வெளிநாட்டுக்காரன் போட்டான்னா? அவன் பக்கத்துல நம்ம சர்ச்சு ஸ்பீக்கரு இருக்கா?"

இரண்டாவது கிடாருக்கு முன்பக்கமே, தோள்பட்டை மூலையில் போட்டார். கம்பியை முறுக்கும்போது படாரென்று ஒரு சத்தம். அலறி அடித்துக்கொண்டு கீழே ஓடினேன். கிடார் வாயைப் பிளந்து கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்து மேஸ்திரி நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டையில தப்பில்ல சார். உள்ள தாங்குற குறுக்குச் சட்டத்தையும் சேத்து வெட்டிப்புட்டேன்."

அப்போது பலாப்பழ சீசன். எங்கள் ஊரில் தட்டிப் பார்க்காமல் பலாப்பழம் வாங்குகிறவனைக் கடைக்காரரே மதிக்கமாட்டார். எனக்காக ஒரு பழத்தை மடியில் தூக்கி வைத்துத் தலையைச் சாய்த்துத் தட்டினார் மேஸ்திரி. தட்டிய கை அப்படியே நின்றது.

"சார், என் காது எங்க இருக்கு பாருங்க!"

"தலையிலதான்."

"அட, பழத்துக்கு மேல சார்! முன்னாடி போயா குனிஞ்சு கேக்குறோம்? கிடாருக்கும் மேல் விலாவுலதான் ஓட்டை வேணும்!"

பழத்தை என் தலையில் கட்டிவிட்டு ஓடிவிட்டார்.

மூன்றாவது கிடார் பலா மரத்திலேயே உருவானது. முன்பக்க ஓட்டையைச் சிறிதாக்கி, மேல் விலாவில், அக்காவின் காதைப் பார்த்தபடி இன்னொன்று வைத்தார்.

கிறிஸ்துமஸ் பூசையில் நானும் போய் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. மேஸ்திரி ஜெபம் செய்யவில்லை, முன் பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்கா கிடார் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டே வாசித்தார். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னாடியே வந்துருங்கம்மா" என்றார் வாத்தியார்.

வெளியே வந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி, எனக்குப் பழைய கிடார் மாதிரியேதான் கேட்டுச்சு" என்றேன்.

"ஒங்களுக்குக் கேக்கவா சார் ஓட்டை போட்டேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

இப்போது நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன். பலாப்பழம் வாங்கினால் மேஸ்திரிக்குப் போன் போட்டு, பக்கத்தில் வைத்துத் தட்டுகிறேன். "நாளைக்கு வெட்டுங்க சார்" என்பார். பழம் அன்றைக்கே பழுத்திருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னபடி மறுநாள்தான் வெட்டுகிறேன்.