நிச்சயதார்த்தத்தில் மாமனாரை மூழ்கடித்தேன்

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் இருப்பது அடக்கத்துக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதுகாப்புக்காகத்தான். இதை நான் தெரிந்துகொண்டது காலடிப்பேட்டையில், தாம்பூலத் தட்டு கைமாறுவதற்குச் சற்று முன்னால்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புது ஏஜெண்ட். தோல்பை இருந்தது, டை இருந்தது (வேட்டிக்கு மேலே கட்டுவேன்), விற்ற பாலிசி மட்டும் இல்லை. எங்கள் மேனேஜர் பயிற்சியில் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "உதாரணத்துக்கு ஊரில் எவனையோ இழுக்காதே. எதிரே உட்கார்ந்திருப்பவனையே சொல். அப்போதுதான் உறைக்கும்." நானும் கண்ணாடி முன் நின்று என்னைப் பலவிதமாகச் சாகடித்துப் பழகியிருந்தேன்.

பெண் சரோஜா தூரத்துச் சொந்தம். அவள் அப்பா கருவாடு வியாபாரி. எர்ணாவூரில் கிடங்கு, கொழும்புக்குக் கப்பலில் சரக்கு. கடற்கரைக் குடும்பம்; கப்பல் போயிருக்கும் நாளில் அந்த வீட்டில் 'முழுகுறது' என்ற சொல்லைக் குளிப்பதற்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். என் அப்பா கடலை விட்டுப் பெரம்பூர் ரயில்வே பட்டறைக்குப் போய்விட்டதால் எனக்கு அந்தப் பயமெல்லாம் ஊட்டப்படவில்லை. சரோஜாவைக் கோயிலில் பார்த்திருந்தேன். கட்டினால் இவளைத்தான், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

கூடம் நிறைய உறவுக்காரர்கள். நல்ல நேரம் வருவதற்காகக் காத்திருந்தோம். சரோஜாவின் தாய்மாமன் ஏகாம்பரத்துக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"மாப்ளே, டையெல்லாம் கட்டிகினு ஷோக்கா கீறே. இன்ஷூரன்சுன்னா இன்னா? கொஞ்சம் சொல்லேன்."

"அதுல பல வகை இருக்கு" என்று எழுந்தேன். (எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.)

"முதல்ல ஆயுள். இப்போ நம்ம மாமாவையே எடுத்துக்குவோம். நாளைக்குக் காலையில மாமா தவறிட்டாருன்னு வையுங்க..."

மாமனார் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். உறைக்கிறது என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அத்தை கையில பணம் வந்துடும். அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கிடங்கு எரிஞ்சா ஆயுள் பாலிசியில ஒண்ணும் கிடைக்காது. அதுக்குத் தீ இன்ஷூரன்ஸ் தனி. காய்ஞ்ச கருவாடு வேற, பத்திக்கிச்சுன்னா நிக்காது."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கிடங்கை எரித்து முடித்துவிட்டுக் கடலில் இறங்கினேன்.

"அடுத்தது கடல் இன்ஷூரன்ஸ். மாமாவோட சரக்கு கொழும்புக்குப் போகுது. நடுக்கடல்ல கப்பல் முழுகிடுச்சு..."

விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. அப்பா என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். (மாப்பிள்ளை பிரமாதமாகப் பேசுகிறான் என்ற பெருமை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.)

ஏகாம்பரத்தின் கண்ணில் விஷமம் தெரிந்தது. "அப்போ, அந்தக் கப்பல்ல மச்சானும் போறாரு. தீயும் புடிச்சிகிது, அப்பால முழுகியும் பூடுது. அதுக்கு எந்த இன்ஷூரன்ஸு?"

இவ்வளவு நல்ல கேள்வி பயிற்சியில்கூட வந்ததில்லை. "கப்பல்ல தீப்பிடிச்சாலும் சரக்குக்குக் கடல் பாலிசிதான். மாமாவுக்கு ஆயுள் பாலிசி. ரெண்டு பணமும் வரும். மாமா குடுத்து வெச்சவரு!"

மாமியார் எழுந்துவிட்டார். "நா மஞ்சா குங்குமத்தோட குந்திகினு கீறேன், என் வூட்டுக்காரருக்குக் காரியமே பண்ணிட்டானே பாவி!" தாம்பூலத் தட்டு அவரோடு உள்ளே போய்விட்டது.

மாமனார் என் அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "நைனா, உம்புள்ள நல்லா இருக்கட்டும். எங்க வூட்டுக்கு வோணாம். இட்டுகினு போ."

என்ன தவறு செய்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் கேட்டது.

"மாமா, எங்கப்பாவை இத்தினி தபா சாவடிச்சாரே, அவரு தம்மேல ஒரு பாலிசி போட்டுகினு கீறாரான்னு கேளு."

இல்லை. எனக்கும் ஒரு பாலிசி வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. (கண்ணாடி முன் செத்ததெல்லாம் வெறும் ஒத்திகை.) ஏகாம்பரத்திடம் இல்லையென்று தலையாட்டினேன்; அவர் உள்ளே பார்த்துக் கையை விரித்தார்.

"இல்லியா? அப்போ மொதல்ல அவரு மேல ஒண்ணு போட்டு, எம்பேருக்கு எழுதிகினு வரட்டும். அப்பால தட்டு மாத்திக்கலாம்."

"வாயை மூடுடி!" என்றார் மாமியார். ஆனால் அதற்குள் ஏகாம்பரம் சிரித்துவிட்டார். மாமனார் கொஞ்ச நேரம் முறைத்தபடி நின்றார். பிறகு அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சிரிப்பில் சட்டையெல்லாம் தெறித்தது. அவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார், பாவம்.

இப்படியாக என் முதல் வாடிக்கையாளன் நானே. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். சரோஜாவின் பெயரைச் சொன்னேன். "என்ன உறவு?" என்றார். "நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் சார் உறவு" என்றேன். போட்டார். தட்டு மாறியது. கல்யாணம் முடிகிறவரை மாப்பிள்ளை பேசக் கூடாது என்பது மாமியாரின் நிபந்தனை, நான் மீறவில்லை.

அந்தப் பாலிசி முதிர்ந்தே பல வருஷம் ஆகிறது. பணத்தை நானே போய் வாங்கி வந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு சரோஜா அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

"செத்தா இவ்ளோ தரேன்னு எழுதிக் குடுத்துத்தான் இந்த மன்ஷன் என்னைக் கட்டிகினாரு. தவணையே முடிஞ்சு பூட்ச்சு, இன்னும் உயிரோட கீறாரு. இவரு பேச்சை நம்பலாமா, நீங்களே சொல்லுங்க!"